பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு இறங்குங்கள்

நான் ஆசிரியை இல்லை. தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்காருகிறவள். பணம் எடுக்கும் படிவத்தை நீட்டி “அக்கா, நீங்களே எழுதிருங்க” என்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு எழுத்து வகுப்பு தொடங்கினேன். முதல் வருடம் படுதோல்வி. இரண்டாம் வருடம் பாதிக் கிணறு. மூன்றாம் வருடம்தான் ஒரு வழிக்கு வந்தது. உங்கள் ஊரில் இதே மாதிரி தொடங்க நினைக்கிறீர்கள் என்றால், நான் தொலைத்த இரண்டு வருடத்தை நீங்கள் தொலைக்க வேண்டாம்.

யாருக்கு இந்த வகுப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிளஸ் டூ தேர்வை எழுதிவிட்டு, கலை அறிவியல் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ இன்ஜினியரிங்கிலோ சேரக் காத்திருக்கும் பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள்.

1. நாள் குறியுங்கள்

பொதுத்தேர்வு மார்ச் கடைசி வாரத்துக்குள் முடிந்துவிடும். ரிசல்ட் மே முதல் பாதியில் வரும். 2024இல் மே 6, 2025இல் மே 8. கலை அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்பு ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரத்தில் தொடங்கும். காலண்டரில் எண்ணினால் பன்னிரண்டு வாரம் இருக்கும். நம்பாதீர்கள்.

தேர்வு முடிந்ததும் முதல் வாரம் எவரும் பேனாவைத் தொட மாட்டார்கள். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் ஊருக்கு ஊர் கோயில் கொடைத் திருவிழா. அந்த வாரம் வகுப்பறையில் நீங்களும் மின்விசிறியும்தான் இருப்பீர்கள். ரிசல்ட் வாரம் முழுக்கப் போன் பேச்சு. பையன்களில் பாதிப்பேர் ஜவுளிக்கடைக்கோ திருப்பூருக்கோ இரண்டு மாத வேலைக்குப் போய்விடுவார்கள். ஆக, கையில் மிஞ்சுவது எட்டு வாரம். அந்த எட்டு வாரத்துக்கு மட்டும் திட்டம் போடுங்கள். ஏப்ரல் இரண்டாவது திங்களில் தொடங்குவது எனக்குச் சரியாக வந்தது.

நீட் எழுதும் பிள்ளைகளை மே முதல் வாரம் வரை கூப்பிடாதீர்கள். கூப்பிட்டாலும் உடம்பு இங்கே, மனசு அங்கே.

பிளஸ் டூ நடக்கும்போதே டிசம்பரில் தொடங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் செய்து பார்த்தேன். ரிவிஷன் டெஸ்ட், செய்முறைத் தேர்வு, ஸ்பெஷல் கிளாஸ் என்று ஒரு பிள்ளைக்கும் மூச்சுவிட நேரமில்லை. அதுவே முதல் வருடத் தோல்வி.

2. இடமும் காகிதங்களும்

பள்ளி வகுப்பறை கேட்டால் தலைமை ஆசிரியருக்கு மனம் இருந்தாலும் ‘மேலே கேட்கணும்’ என்பார். மேலே போய்த் திரும்பி வருவதற்குள் மே முடிந்துவிடும். கிளை நூலகம், ஊர்ச் சமுதாயக் கூடம், கோயில் மண்டபம் இவற்றில் ஒன்றைப் பாருங்கள். எதுவானாலும் வாய்வார்த்தையோடு விடாமல், நாள், நேரம், பொறுப்பாளர் பெயர் எழுதிய ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கி நகல் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மண்டபம் கொடுத்துவிட்டு எங்களை வெளியே நிறுத்திய நாளில் அந்தக் கடிதம் இல்லாமல் திண்டாடினேன்.

உங்களிடம் வருகிற பெரும்பாலோருக்குப் பதினேழு வயது. எனவே பெற்றோர் சம்மதக் கடிதம் கட்டாயம். அதில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் பெயர், பெற்றோர் போன் எண், வகுப்பு நாட்கள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வீட்டுக்கு யாரோடு திரும்பும் என்பது. மாலை ஐந்துக்குத் தொடங்கினால் ஆறரைக்கு முடித்துவிடுங்கள். வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளைகள் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட வேண்டாம். இதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டால் பெண் பிள்ளைகளை அனுப்ப அம்மாமார் தயங்க மாட்டார்கள்.

பிள்ளைக்கு ஒரு நாடாக் கோப்பு கொடுங்கள். எழுதிய தாள் ஒன்றும் வெளியே போகக் கூடாது. ஏன் என்பது கடைசியில் வரும்.

3. செலவு

எனக்கு ஒரு பிள்ளைக்குச் சுமார் 250 ரூபாய் ஆனது. கோடு போட்ட நோட்டு இரண்டு, ஒரு கோப்பு, பேனா, ஜெராக்ஸ், வாரம் இரண்டு நாள் சுண்டல். அவ்வளவுதான். அரசுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இலவசம். கடையில் விற்கும் ‘கட்டுரைக் களஞ்சியம்’ வகைப் புத்தகங்களை வாங்கிவிடாதீர்கள். நாம் எதை மறக்கடிக்கப் போகிறோமோ அதைத்தான் அவை கற்றுக்கொடுக்கின்றன.

முழு இலவசம் என்று அறிவித்தால் மூன்றாம் வாரம் கூட்டம் கரையும். இப்போது தலைக்கு 100 ரூபாய் வாங்குகிறேன். கடைசி நாள் வரை வருகிறவர்களுக்கு அதே நூறைத் திருப்பிக் கொடுக்கிறேன். கட்ட முடியாத பிள்ளைக்கு நானே போட்டு வைக்கிறேன், மற்றவர்களுக்குத் தெரியாமல்.

பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு தாளை ஒழுங்காகப் பார்க்க எட்டு நிமிடம் ஆகும். பதினைந்து தாளுக்கு இரண்டு மணி நேரம். வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி அதற்குமேல் திருத்தினால், கடைசித் தாள்களில் வெறும் டிக் மட்டும்தான் விழும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

4. முதல் நாள் தாள்

தலைப்பு கொடுக்காதீர்கள். ‘இன்று காலை எழுந்ததிலிருந்து இந்த வாசலுக்கு வந்து சேரும்வரை நடந்ததை ஒரு பக்கம் எழுதுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். அரை மணி நேரம். யாரிடமும் கேட்கக் கூடாது, போன் பையில்.

அந்தத் தாளைத் திருத்தவே வேண்டாம். சிவப்பு மை அறவே கூடாது. தேதி போட்டு, படித்து, உங்கள் நோட்டில் மூன்று விஷயம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: வாக்கியம் முடிகிறதா, பேச்சு நடையா எழுத்து நடையா, எந்த எழுத்தில் குழப்பம். சிலர் நான்கு வரியோடு நிறுத்தியிருப்பார்கள். அவர்களை மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். தன் வீட்டைப் பற்றி எழுதலாம் என்று அதுவரை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை, அதுதான் காரணம்.

5. முதலில் பேச வையுங்கள்

எட்டு வாரத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

பள்ளியில் பொதுக்கட்டுரை என்றால் குறிப்புச் சட்டகம்: முன்னுரை, நான்கு உள்தலைப்பு, நடுவில் ஒரு குறள், முடிவுரை. மார்க்குக்கு அது உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கல்லூரியில் ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று ஒரு கேள்வி வந்ததும் சட்டகம் கைவிட்டுவிடும்.

‘உழைப்பு’ பற்றி எழுதச் சொன்னபோது ஒரு பெண் தந்த தாள் இது:

“உழைப்பே உயர்வு தரும். உழைப்பின்றி உயர்ந்தவர் எவரும் இலர். உழைப்பு மனித வாழ்வில் இன்றியமையாத ஒன்றாகும். ஆகவே நாம் அனைவரும் உழைத்து முன்னேறுவோமாக.”

பிழை ஒன்றுகூட இல்லை. விஷயமும் ஒன்றுகூட இல்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “உங்க வீட்டுல யார் கூடுதலா உழைக்கிறா?” என்று கேட்டேன்.

“எங்கம்மாதான்க்கா. பீடி சுத்துறா.”

“எப்படிச் சுத்துவாங்க, சொல்லு.”

“ராத்திரியே இலையை நனைச்சுப் போட்டிருவா. காலைல ஈரத்துணில பொதிஞ்சு வச்சு வெட்டுவா. கத்திரி பிடிச்சுப் பிடிச்சுப் பெருவிரல் காய்ச்சுப் போயிருக்கும். சொளவை (முறத்தை) மடில வச்சா மத்தியானம் வரைக்கும் எந்திரிக்க மாட்டா. கடைல கொண்டு போட்டா ரெண்டு கட்டைப் பிரிச்சுப் பாத்துட்டு கழிச்சுருவாங்கக்கா. அதுக்குக் காசு கிடையாது.”

“இதை அப்படியே எழுது” என்றேன். “இதையா?” என்று கேட்டாள். அவள் முகத்தில் வெட்கமும் சந்தேகமும் கலந்து இருந்தது. மறுநாள் கொண்டுவந்ததில் பாதி இது:

“என் அம்மா இரவே பீடி இலையை நனைத்து வைத்துவிடுவார். காலையில் வெட்டத் தொடங்கினால் மதியம் வரை எழுந்திருக்க மாட்டார். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கடையில் சில கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக் கழித்துவிடுவார்கள். கழித்த பீடிக்குக் கூலி இல்லை. ஆனால் அதைச் சுற்றிய நேரம் அம்மாவுடையது.”

கடைசி வாக்கியத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளே ஏற்றிக்கொண்டது.

இதை வழக்கமாக்குங்கள். இரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் ஐந்து நிமிடம் பேச, மற்றவர் ‘எப்படி’, ‘எத்தனை’, ‘அப்புறம்’ என்ற மூன்றே கேள்வி கேட்க வேண்டும். பேசி முடித்த கையோடு எழுத வேண்டும். ஆறவிட்டால் பழைய சட்டகம் திரும்பி வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வீட்டுக் கஷ்டத்தைத்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும் ஆபத்து இதில் உண்டு. இரண்டாம் வருடம் ஒரே வாரத்தில் பதினோரு கண்ணீர்க் கதை வந்தது. அதில் பாதி கற்பனை என்று பிறகு தெரிந்தது. கபடி, டியூப் பஞ்சர் ஒட்டுவது, ஆட்டுக்குட்டி, பரோட்டா மாஸ்டர் எப்படி வீசுகிறார் என்பது, எல்லாவற்றையும் எழுத வையுங்கள். சொல்ல விருப்பமில்லாததைத் தோண்டாதீர்கள்.

6. வாரத்துக்கு ஒரு பிழை

எல்லாப் பிழையையும் ஒரே தாளில் வட்டம் போட்டால் பிள்ளை தாளை மடித்துப் பையில் வைத்துவிடும், அப்புறம் திறக்காது. வாரத்துக்கு ஒன்றை மட்டும் அறிவியுங்கள். மற்றவை கண்ணில் பட்டாலும் கை போகக் கூடாது. எனக்கு இதுதான் மிகக் கஷ்டமாக இருந்தது.

நான் போகும் வரிசை இது. முதலில் வாக்கியத்தை முடிப்பது. ‘மேலும்’, ‘அதனால்’, ‘ஆனால்’ என்று ஒரு பக்கம் முழுக்க ஒரே வாக்கியமாக ஓடும் தாள்களுக்கு இதுவே மருந்து. அடுத்து பேச்சிலிருந்து எழுத்துக்கு: இருக்கு – இருக்கிறது, வந்துச்சு – வந்தது, போயிட்டு – போய்விட்டு. மூன்றாவது, எழுவாயும் பயனிலையும் பொருந்துவது. ‘மாணவர்கள் வந்தது’ என்று எழுதுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நான்காவதாக ல, ள, ழ, ர, ற. இதற்கு விதி சொல்வதைவிட, அவரவர் தவறிய சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரவர் பட்டியல் போடுவது பலன் தந்தது.

ஒற்றுப் பிழையைக் கடைசிக்கு வையுங்கள். அதிலும் இலக்கணப் புத்தகம் முழுவதையும் திறக்காமல் நான்கே இடம்: அந்த, இந்த, எந்தவுக்குப் பின் (அந்தப் பையன்), ‘ஐ’க்குப் பின் (புத்தகத்தைப் படித்தேன்), ‘கு’வுக்குப் பின் (வீட்டுக்குப் போனேன்), ‘படித்து’, ‘கேட்டு’ போன்றவற்றுக்குப் பின் (படித்துப் பார்த்தேன்). கண்ணில் படும் ஒற்றுப் பிழைகளில் பெரும்பகுதி இந்த நான்கில் அடங்கிவிடும்.

திருத்திய தாளை வாங்கிய அன்றே, அங்கேயே உட்கார்ந்து திரும்ப எழுத வேண்டும். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் வராது.

7. ஆங்கிலம்

பெற்றோர் முதல் நாளே “இங்கிலீஷ் எப்ப?” என்பார்கள். மூன்று வாரம் தமிழ், பிறகு ஆங்கிலம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தமிழில் ஒரு பத்தி கட்டத் தெரியாத பிள்ளை ஆங்கிலத்தில் கட்டாது.

தொடங்கும்போது, தமிழில் தான் எழுதிய பத்தியையே எட்டுச் சிறிய ஆங்கில வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். ‘டிட் நாட் வென்ட்’, ‘டிஸ்கஸ் அபௌட்’, ‘மைசெல்ஃப் குமார்’ இந்த மூன்று பிழையும் எல்லா ஊரிலும் வரும். கூடவே லீவ் லெட்டர். அக்கா கல்யாணத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்டு எழுது என்றேன். பதினைந்தில் ஒன்பது தாள் ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் மனப்பாடம் செய்த கடிதம் கையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றவே ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

8. மே மாதத்தில் விண்ணப்பங்களே பாடம்

ரிசல்ட் வந்த பிறகு பிள்ளைகள் கட்டுரை எழுத வர மாட்டார்கள். விண்ணப்பம் எழுத வருவார்கள். அதையே பாடமாக்கிவிடுங்கள்.

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் மே மாதம் விண்ணப்பம் திறக்கும். சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயும். எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்குப் பதிவுக் கட்டணம் மட்டும். பிரவுசிங் சென்டரில் நூறு, இருநூறு கேட்பார்கள், வகுப்பிலேயே போட்டுவிடலாம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இவற்றுக்கு இ-சேவை மையத்தில் தலா 60 ரூபாய். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் தாமதமாகும். ஏப்ரலிலேயே போடச் சொல்லுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம், பெயர்தான். மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் பக்கத்தில் வைத்து, இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, எழுத்துக்கூட்டல் ஒன்றா என்று பிள்ளையையே ஒப்பிட்டு எழுத வையுங்கள். உதவித்தொகை நின்றுபோய்க் கவுண்டரில் வந்து நிற்கும் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் இந்த இனிஷியல்தான் வினை.

படிவத்தை நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள். அங்கே படித்ததற்கான போனஃபைட் சான்றிதழ் கேட்டுப் பள்ளிக்கு ஒரு கடிதம், மதிப்பெண் பட்டியலில் பெயர்த் திருத்தம் கேட்டு ஒரு கடிதம், இரண்டையும் அவர்களே எழுதட்டும். யார், யாருக்கு, என்ன வேண்டும், எதற்கு, எந்தத் தேதிக்குள். ஐந்தும் இருந்தால் கடிதம் முடிந்தது. ‘பணிவன்புடன் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்’ ஒரு தடவை போதும்.

9. கல்லூரித் தாளைக் கண்ணில் காட்டுங்கள்

பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் தேர்வுக்கு 75 மதிப்பெண், இன்டர்னல் என்கிற அகமதிப்பீட்டுக்கு 25. எழுபத்தைந்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, ஐந்து மதிப்பெண் கேள்வி ஐந்து, பத்து மதிப்பெண் கேள்வி மூன்று என்பது பரவலான அமைப்பு. உங்கள் பகுதிக் கல்லூரியின் பழைய வினாத்தாள் ஒன்றைச் சீனியரிடம் வாங்கி ஜெராக்ஸ் போட்டுக் கொடுங்கள். மூன்று மணி நேரத்தை அரை மணி, ஒரு மணி, ஒன்றேகால் மணி என்று பிரித்துக் கடைசிக் கால் மணியைப் படித்துப் பார்க்க வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பத்து மதிப்பெண் கேள்வியில்தான் சறுக்குவார்கள். மூன்று பக்கம் நிரப்ப வேண்டும் என்று ஒரே கருத்தை நான்கு விதமாக எழுதுவார்கள். விடைக்கு முன்னால் ஐந்து வரிக் குறிப்பு பென்சிலில் எழுதிவிட்டுத் தொடங்கப் பழக்குங்கள். இதற்கு இரண்டு அமர்வு போதும்.

10. சாட்ஜிபிடி

தடை போட்டுப் பிரயோசனமில்லை, வீட்டில் போய்ப் பார்த்துவிடுவார்கள். ஆறாம் வாரம் நானே வகுப்பில் திறந்து, ‘பீடி சுற்றும் தாய்’ பற்றி ஒரு பத்தி கேட்டேன். வந்ததை வாசித்தேன். அந்தப் பெண் தன் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, “இதுல கழிவே வரலையேக்கா” என்றாள். அன்றைக்கு நான் வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அசைன்மென்ட்டில் எங்கிருந்து எடுத்தோம் என்பதை எழுதும் பழக்கத்தை மட்டும் கட்டாயப்படுத்துங்கள்: புத்தகம், ஆசிரியர், பக்கம்.

11. கடைசி வாரம்

கோப்பிலிருந்து முதல் நாள் தாளை எடுத்துக் கொடுங்கள். இப்போது சிவப்புப் பேனா அவர்கள் கையில். தன் தாளைத் தானே திருத்தட்டும். சிரிப்பு வரும், சிலருக்குக் கோபம்கூட வரும். பிறகு அதே விஷயத்தைப் புதிதாக ஒரு பக்கம் எழுதச் சொல்லி இரண்டையும் சேர்த்து அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். நூறு ரூபாயையும்.

செப்டம்பர் வாக்கில் முதல் இன்டர்னல் வரும்போது போன் வரும். “அக்கா, அசைன்மென்ட் நாளைக்கு வைக்கணும், எழுதித் தாங்க” என்பார்கள். கோப்பை எடுத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டாம்.